பெயிண்ட் எப்போதோ காய்ந்துவிட்டது

நேமம்,
ஆகஸ்ட் 9, சனிக்கிழமை.

என் பொன்னு மகள் ஜெஸ்லினுக்கு அப்பா எழுதுவது. கர்த்தருடைய இரக்கத்தால் நானும் உன் அம்மாவும் இங்கே உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீ அந்த நியூசிலாந்துக் குளிரில் நல்லபடியாக இருக்க வேண்டும் என்பதுதான் காலை ஜெபத்திலும் மாலை ஜெபத்திலும் எங்கள் விண்ணப்பம். ஒரு குறையும் இல்லை என்று எழுதியதை உன் அம்மா தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டு, அப்போ என் முட்டுவலி யாருக்கு என்று கேட்டுவிட்டுப் போகிறாள். மழை விட்டபாடில்லை. கிணறு கைக்கு எட்டுகிற அளவுக்கு நிரம்பிக் கிடக்கிறது, துணி காய்வதற்கு இரண்டு நாளாகிறது, பின்பக்கத்துப் பலாவில் கடைசிக் காய் விழுந்து கோழிக்கூட்டின் ஓட்டை உடைத்தது, கோழிக்கு ஒன்றும் ஆகவில்லை. தினமும் மத்தியானம் ஒரு மணிக்குப் போனில் பேசுகிற மனுஷன் எதற்கு இப்போது பேனாவை எடுத்தார் என்று நீ நினைப்பாய். போனில் சொல்லத்தான் ஒரு வாரமாகப் பார்க்கிறேன் மக்களே. சொல்ல வாயெடுத்தால் மழையைப் பற்றியும் மீன் வராததைப் பற்றியும் பேசிவிட்டு வைத்துவிடுகிறேன். முப்பத்தொரு வருஷம் கண்டக்டராகப் பஸ்ஸில் தொண்டை கிழியக் கத்தினவனுக்குப் பெற்ற பிள்ளையிடம் ஒரு விஷயம் சொல்லச் சத்தம் வரவில்லை, அதனால்தான் கடிதம். இதை நின்றுகொண்டு படிக்காதே, டூட்டி முடிந்து வந்து ஏதாவது சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து படி.

நவம்பரில் மருமகன் பினு கூப்பிட்டு, "அப்பா, நானும் ஜெஸ்லினும் இப்ப ஒண்ணிச்சு இல்ல, தனித்தனியாத்தான் இருக்கோம், நீங்க அறியணும்" என்று சொன்னான். அந்தப் பையன் சொல்லும்போது அழுதான், அதை நான் உன் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. என்ன காரணம் என்று அவனிடமும் கேட்கவில்லை, உன்னிடமும் கேட்கவில்லை. கேட்டுத் தெரிந்துகொண்டால் மட்டும் நேமத்தில் உட்கார்ந்துகொண்டு நான் எதைச் சரிசெய்யப் போகிறேன்? நான் புறப்பட்டு வரட்டுமா என்று உன்னிடம் கேட்டேன், வேண்டாம் அப்பா என்றாய். அம்மாவை அனுப்பட்டுமா என்றேன், வேண்டாம் அப்பா என்றாய். அப்படியானால் நீ வந்து கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போயேன் என்றேன், போன் கட்டாகிவிட்டது. அதற்குப் பிறகு மூன்று மாதம் சாப்பிட்டாயா சாப்பிட்டேன், தூங்கினாயா தூங்கினேன், அவ்வளவுதான் நம் பேச்சு. வீடியோவில் கூப்பிட்டாலும் நீ முகத்தைக் காட்டமாட்டாய், போனை மேஜைமேல் மல்லாக்கப் போட்டுவிடுவாய். உன் வீட்டு சீலிங்கில் ஒரு பல்பு, பல்புக்கு இடது பக்கம் ஒரு விரிசல், அதைப் பார்த்துப் பார்த்து எனக்கு மனப்பாடம். அம்மா அந்த விரிசலைப் பார்த்துத்தான் மருந்து சாப்பிடு, தலையை ஈரமாக வைக்காதே என்றெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பாள்.

பிப்ரவரி பதினொன்றாம் தேதி நீ அந்தப் படத்தை அனுப்பினாய். கட்டம் போட்ட தாளில் பென்சிலால் வரைந்து, ஒவ்வொரு கோட்டுக்கும் அளவு போட்டு, கேம் பெட்டி ஒன்று வேண்டும் அப்பா, நீங்களே உங்கள் கையால் செய்ய வேண்டும் என்று கீழே எழுதியிருந்தாய். பார்த்த உடனே எனக்குப் புரிந்துவிட்டது. தம்பானூர் டிப்போவுக்கு எதிரே இருந்த கேம் கடையின் பெட்டி அது. ஆளுயரம், நெஞ்சுக்கு நேரே சரிவாக ஒரு பலகை, பலகையில் ஜாய்ஸ்டிக்கும் பட்டனும், முகத்துக்கு நேரே திரை. சனிக்கிழமைகளில் உன்னை அங்கே நிறுத்திவிட்டுத்தான் நான் டிப்போவுக்குள் போய் டூட்டி முடித்து வருவேன், நீ சோடாப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு ஏறி நின்று அத்தனை ஆண்பிள்ளைகளுக்கும் நடுவில் விளையாடிக்கொண்டிருப்பாய். மார்க் குறைந்த அன்றும் பள்ளிக்கூடத்துக் கூட்டுக்காரி பிணங்கிய அன்றும் அதில் பத்து நிமிஷம் நின்றால் போதும், உன் முகம் சரியாகிவிடும். பெட்டி நேமத்தில், விளையாடுகிறவள் நியூசிலாந்தில், இது எந்த ஊர் நியாயம் என்று உன் அம்மா கேட்டாள். பேசாமல் இரு ரோஸ், பிள்ளை வாயைத் திறந்து ஒன்று கேட்டிருக்கிறது என்றேன்.

வலியசாலையில் மரவேலை செய்கிற வேல்சாமியை உனக்குத் தெரியும், நம் முன்கதவுக்கு நிலை வைத்த சங்கரன்கோயில்காரன். அவன் முழுதும் நானே செய்து தருகிறேன் என்று எவ்வளவோ சொன்னான், நான் விடவில்லை, மெஷினில் அறுப்பது உன் வேலை, மற்றதெல்லாம் என் வேலை என்று சொல்லிவிட்டேன். வீம்புக்கு உடனே கூலி கிடைத்தது. பிளைவுட்டில் ஒரு பக்கம்தான் வழவழவென்று இருக்கும், மறுபக்கம் சொரசொரப்பு. நான் உன் படத்தைப் பெரிதாக வரைந்து இரண்டு பலகையிலும் ஒரே மாதிரி வைத்துக் கோடு போட்டேன், ஒன்றைத் திருப்பிப் போட வேண்டும் என்று இந்த மண்டைக்குத் தோன்றவில்லை. அறுத்து நிமிர்த்தி வைத்தால் ஒரு பக்கத்தில் வழவழப்பு வெளியே, இன்னொரு பக்கத்தில் சொரசொரப்பு வெளியே. "என்ன அண்ணாச்சி, ரெண்டும் எடங்கையால்லா இருக்கு!" என்று வேல்சாமி தலையில் கை வைத்துக்கொண்டான். அன்று ஒரு மணிக்கு நான் வெட்கத்தோடு கேமராவைத் திருப்பிக் காட்டினேன். நீ, ரெண்டு எடது கால் செருப்பு மாதிரி இருக்கே அப்பா என்று சொல்லிச் சிரித்தாய். மக்களே, அந்தச் சத்தத்தைக் கேட்டு மூன்று மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. அடுக்களையிலிருந்து அம்மா கரண்டியோடு ஓடிவந்து, யாரு சிரிச்சது, யாரு சிரிச்சது என்று கேட்டாள்.

இனி எழுதப்போவதுதான் நான் போனில் சொல்ல முடியாமல் முழுங்கியது. அந்த முதல் தப்பு நிஜமான தப்பு. அதற்குப் பிறகு நடந்தவற்றில் பாதி நான் வேண்டுமென்றே செய்தவை. இடது பக்கத்தில் பொன்முடி ரோட்டை வரையச் சொன்னாயே, கல்லாற்றுப் பாலத்திலிருந்து மலைமேல் வரைக்கும் இருபத்திரண்டு வளைவு, அதில் என் சிவப்பு மஞ்சள் பஸ் ஏறிப்போக வேண்டும் என்று. நான் வரைந்ததை நீ போனிலேயே விரல் வைத்து எண்ணிவிட்டு, இருபத்தொண்ணுதான் இருக்கு, ஒரு வளைவை எந்த ஸ்டாப்பில் எறக்கி விட்டீங்க என்று கேட்டாய். பதினேழு வருஷம் அந்த ரூட்டில் ஓடினவன், கண்ணை மூடிக்கொண்டே எந்த வளைவில் யாருக்கு வாந்தி வரும் என்று சொல்லுவேன், எனக்கா எண்ணிக்கை தப்பும்? நீ எண்ணுவாய் என்று தெரிந்துதான் ஒன்றை விட்டேன். ஜூன் மாதம் வலது பக்கம் பெயிண்ட் கொப்புளம் விட்டது நிஜம், சொரசொரப்பை மறைக்க மூன்று கை பட்டி மாவு வைத்திருந்தேன், அது ஈரம் குடித்துவிட்டது. ஆனால் ஜூலையில் இரண்டு தடவை உரிந்துபோனதாகச் சொன்னது பொய். பன்னிரண்டரைக்குச் சாப்பிட்டுக் கையைக் கழுவிவிட்டு, நன்றாகக் காய்ந்து கண்ணாடி மாதிரி கிடந்த நீலத்தை, வேல்சாமியிடம் இரவல் வாங்கின பட்டித் தகட்டால் நானே சுரண்டினேன், உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன், ஒரு மணிக்கு நீ கூப்பிட்டதும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு மழைமேல் பழியைப் போட்டேன். சாலைக் கடைத்தெருவில் பெயிண்ட் கடை வைத்திருக்கும் யூசுப், அண்ணன் செய்றது பெட்டியா கப்பலா, இத்தனை நீலம் எதுக்கு என்று கேட்கிறான். அம்மா ஒரு நாள் கையும் களவுமாகப் பிடித்துவிட்டாள். ஒங்களுக்கு என்ன கிறுக்கு பிடிச்சிருக்கா, நல்லா இருக்கத எதுக்குச் சொரண்டுதிய என்று சத்தம் போட்டாள். நான் உப்புத்தாளை எடுத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். பெட்டி முடிந்துவிட்டால் நீ எங்களைக் கூப்பிட என்ன காரணம் இருக்கும்? மறுபடியும் அந்த விரிசலைப் பார்த்துச் சாப்பிட்டாயா தூங்கினாயா என்று கேட்டுக்கொண்டிருக்க என்னால் ஆகாது. அந்தப் பயம்தான் மக்களே, வேறு ஒன்றுமில்லை.

இதற்கு நடுவில் ஒரு கூத்து நடந்தது, அதையும் கேள். ஜூலை கடைசி நாள் சாயங்காலம் வீட்டு ஜெபக்கூட்டம் நம் வீட்டில். திரையையும் ஜாய்ஸ்டிக்கையும் பட்டனையும் ஈரம் படாமல் இருக்கக் கழற்றிப் படுக்கையறையில் வைத்திருந்தேன், அதனால் முன்னறையில் வெறும் பெட்டி மட்டும் நின்றது, அம்மா அதன்மேல் ஒரு வெள்ளைத் துணியைப் போட்டு மூடியிருந்தாள். போதகர் வந்தார், பார்த்தார், துணியை லேசாக விலக்கினார், வேதபுத்தகத்தை அந்தச் சரிவுப் பலகைமேல் வைத்தார். அவருக்கே அளவெடுத்துச் செய்தது போல அவ்வளவு பொருத்தமாக இருந்தது. கண்ணை மூடி, சகோதரன் சுவாமிதாஸ் தன் கையால் நம் சபைக்குச் செய்திருக்கிற இந்தப் புதிய பிரசங்க பீடத்துக்காக ஸ்தோத்திரம் என்று ஜெபித்தார். முப்பது பேரும் ஆமென் என்றார்கள். ஜெபத்துக்கு நடுவில் எழுந்து ஐயா இது விளையாட்டுப் பெட்டி என்று சொல்ல எனக்கு நாக்கு எழும்பவில்லை, நானும் ஆமென் என்றேன். பட்டனுக்குப் போட்ட துளைகளை அவர் மைக் வயர் போவதற்கு என்று நினைத்தாராம். மறுநாள் காலையில் குடையை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போய் உண்மையைச் சொன்னேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், நல்ல மனுஷன். சிரித்து முடித்துவிட்டு, சரி, மகளுக்காகவா, எப்போ முடியும் என்று சாதாரணமாகத்தான் கேட்டார். முடியவே கூடாது ஐயா என்று சொன்னேன், சொன்னதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. உன் கல்யாணத்தில்கூட நான் அழவில்லை, உனக்குத் தெரியும். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், பினு போன் செய்ததிலிருந்து பெயிண்ட் சுரண்டினது வரைக்கும். அவர் உள்ளே போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன், நீ கேட்டது நியாயம்தான், நல்ல பெயிண்டை நான் சுரண்டியது பிள்ளை கூப்பிட வேண்டும் என்றுதான் என்று. அவள் உள்ளே போய் அந்தப் பைலை எடுத்துக்கொண்டு வந்தாள். நீ போனில் அனுப்பும் படமெல்லாம் எனக்குச் சின்னதாகத் தெரிகிறது என்று ஜங்ஷனில் பிரிண்ட் எடுத்து வைப்பேன் அல்லவா, அந்தப் பைல். எந்தத் தாள் கைக்கு வந்தாலும் மேலே தேதியும் மணியும் போடுவது என் பழைய பழக்கம். அம்மா தாள்களை வரிசையாக என் மடியில் வைத்து, "நீங்க ரெண்டு தடவ சொரண்டினதுக்கு இவ்வளவு கரைச்சல். பிள்ள எத்தன தடவ அளவ மாத்தியிருக்கான்னு எண்ணிப் பாத்தியளா?" என்று கேட்டாள். எண்ணினேன். ஐந்து தடவை. மார்ச்சில் நாளைக்குப் பலகையைத் திருகிவிடுவேன் என்று சொன்னேன், மறுநாள் பலகையை இரண்டு அங்குலம் இறக்கச் சொல்லித் தாள் வந்திருக்கிறது. ஏப்ரலில் திரையின் சரிவு. மே மாதம் இரண்டாவது ஆள் விளையாடுவதற்குப் போட்ட ஜாய்ஸ்டிக்கும் பட்டனும் வேண்டாம், ஒரு ஆளுக்குப் போதும், அந்தத் துளைகளை அடைத்துவிடுங்கள் என்று எழுதியிருந்தாய். அன்று நான் ஏன் என்று கேட்கவில்லை, மரத்துண்டை வட்டமாகச் செதுக்கித் துளைகளை அடைத்துப் பட்டி வைத்துத் தேய்த்தேன், தேய்க்கும்போது அம்மா பார்க்கக்கூடாது என்று கதவைச் சாத்திக்கொண்டேன். ஜூன் கடைசியில் அதே துளைகளைத் திரும்பப் போடச் சொன்னாய், அன்றும் கேட்கவில்லை. போன மாதம் முப்பதாம் தேதி இனி கண்ணாடி மட்டும்தான் பாக்கி என்றேன், முப்பத்தொன்றாம் தேதி நீலம் இன்னும் அடர்த்தியாக வேண்டும் என்று வந்தது. இப்படி ஐந்து தாளும் நான் நாளைக்கு முடிந்துவிடும் என்று சொன்ன மறுநாள் வந்த தாள்கள்தான். அம்மா பைலை மூடிவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டாள்.

நான் நினைப்பது தப்பாகவும் இருக்கலாம். உனக்கு நிஜமாகவே அடர் நீலம்தான் பிடித்திருக்கலாம். ஆனால் நான் இங்கே சுரண்ட, நீ அங்கே அளவு மாற்ற, ஆறு மாதமாக நாம் இரண்டு பேரும் ஒரு பெட்டியை முடியவிடாமல் பிடித்துக்கொண்டு நிற்கிறோமோ என்று தோன்றிவிட்டது, அதற்குப் பிறகு எனக்குச் சுரண்டக் கை வரவில்லை. உன்னிடம் என்ன கேட்பது, எப்படிக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை ஜெஸ்லின். பஸ்ஸில் ஒருத்தர் மயங்கி விழுந்தால் பெல்லை அடித்து வண்டியை நிறுத்தத் தெரியும், தண்ணீர் தெளிக்கத் தெரியும், ஆஸ்பத்திரிக்கு வண்டியைத் திருப்பச் சொல்லத் தெரியும். இங்கே எந்தப் பெல்லை அடிப்பேன்? பட்டி வைப்பதும் தேய்ப்பதும் தவிர உனக்காக என்னால் செய்ய முடிந்தது ஒன்றுமில்லை. பிப்ரவரியிலிருந்து கேமராவில் சீலிங் போய் மேஜையும் கட்டத்தாளும் உன் கையும் தெரிகிறது, அந்த மட்டுக்கும் ஸ்தோத்திரம். ஆனால் விரல்கள் மெலிந்திருக்கின்றன, நகத்தைக் கடிக்கிறாய், அதை எட்டு வயதிலேயே நிறுத்தியிருந்தாய். மோதிரம் கிடந்த இடத்தில் இருந்த வெளுப்பு மார்ச்சில் தெரிந்தது, இப்போது தெரியவில்லை. சபையில் யாராவது கேட்டால் பிள்ளைக்கு வேலை அதிகம் என்று சொல்லிச் சமாளிக்கிறேன், நீ அவர்களுக்காகப் பயப்பட வேண்டாம், யாருக்கும் நாம் பதில் சொல்ல வேண்டியதில்லை. காலையில் வெறும் காப்பியோடு டூட்டிக்குப் போகாதே. அங்கே முதியோர் இல்லத்தில் அத்தனை பேருக்கும் ஊட்டிவிடுகிறவள் தான் சாப்பிட மறந்தால் அது என்ன வேலை.

இப்போது உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுகிறேன். பெட்டி முடிந்துவிட்டது. நீ கேட்ட அடர் நீலம் இரண்டு கை அடித்து புதன்கிழமையே காய்ந்துவிட்டது. இருபத்திரண்டு வளைவும் இருக்கிறது. இரண்டாவது ஜாய்ஸ்டிக்கும் பொருத்தியாகிவிட்டது, வெளிச்சம் சாய்வாக விழும்போது மட்டும் அடைத்துத் திறந்த இடத்தில் லேசாக ஒரு வட்டம் தெரியும், அதை என்னால் மறைக்க முடியவில்லை. சுவிட்ச் போட்டுப் பார்த்தோம், நன்றாக ஓடுகிறது. அம்மா ஒரு நிமிஷத்தில் தோற்றுவிட்டு மெஷினில் ஏதோ கோளாறு என்கிறாள். இதெல்லாம் உனக்குத் தெரியாது, நீ நேற்றுக்கூடக் காயவில்லையா அப்பா என்று கேட்டாய், நான் இல்லை மக்களே மழை என்றுதான் சொன்னேன். இந்தக் கடிதத்தை இன்று தம்பானூரில் போய்ப் போடுகிறேன், உன் கைக்கு வந்துசேரப் பதினைந்து இருபது நாளாகுமாம். அதுவரைக்கும் நான் தினமும் காயவில்லை என்றுதான் சொல்லுவேன், நீ இன்னொரு அளவு மாற்றினால் அதையும் செய்வேன். அந்தப் பொய்களையெல்லாம் சேர்த்து இப்போதே மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன்.

கடிதம் கிடைத்தால் அதைப் பற்றி நீ எதுவும் பேச வேண்டாம், பினுவைப் பற்றியும் சொல்ல வேண்டாம், உனக்கே தோன்றும்போது சொன்னால் போதும். வழக்கம் போல ஒரு மணிக்குக் கூப்பிடு. பெட்டியைக் காட்டச் சொல்லாதே. மேஜைமேல் இருக்கும் போனைக் கையில் எடுத்து ஒரு முழம் மேலே தூக்கு, அவ்வளவுதான். அழுத முகமானாலும் சரி, தலை சீவாத முகமானாலும் சரி. பார்த்ததும் கடிதம் வந்துவிட்டது என்று தெரிந்துகொள்ளுவேன், வேல்சாமியிடம் வாங்கின பட்டித் தகட்டை அன்றைக்கே அவனிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவேன்.

கர்த்தர் உன் தலைமேல் தம்முடைய கையை வைத்து உன்னைக் காத்து நடத்துவாராக. உன் அம்மாவின் முத்தங்களும் ஜெபமும். ஹீட்டரை அணைக்காமல் தூங்கிவிடாதே. ஒரு மணியை மறந்துவிடாதே, நாங்கள் இரண்டு பேரும் பன்னிரண்டரைக்கே சாப்பிட்டு முடித்துப் போனுக்கு முன்னால் உட்கார்ந்திருப்போம், காட்டுவதற்குப் பெட்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

உன்னைப் பார்க்க ஏங்கும் அப்பா,
ஞா. சுவாமிதாஸ்